நிறத்தைப் பார்க்காதீர்கள், உப்பை அளந்து பாருங்கள்: வடசென்னை வாஷிங், சாயப் பட்டறைகளுக்கு எந்தக் கழிவுநீர் வழி?

கொடுங்கையூரில் ஜீன்ஸ் வாஷிங் பட்டறை நடத்தும் அண்ணன் தம்பி இருவர் போன மாதம் என்னிடம் வந்தார்கள். கையில் இரண்டு கொட்டேஷன், மனதில் இரண்டு யோசனை. ஒரு கொட்டேஷன், படிகாரம் போட்டுத் தெளியவைத்து, பாக்டீரியா தொட்டி வழியாக அனுப்பி, மெட்ரோ வாட்டர் சாக்கடையில் சேர்க்கும் சாதாரண இ.டி.பி.க்கு, அதாவது கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புக்கு. இன்னொன்று, ஆர்.ஓ.வும் ஆவியாக்கியும் சேர்ந்த, கழிவுநீரை வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜுக்கு. அக்கம்பக்கத்துப் பட்டறைக்காரர்களோடு சேர்ந்து பொதுவாக ஒன்று போடலாமா என்பது அண்ணனின் யோசனை. சாய வேலையை வெளியே கொடுத்துவிடலாம் என்பது தம்பியுடையது.

"எது விலை கம்மின்னு கேக்கலண்ணா. எதப் போட்டா ராத்திரி பயமில்லாம தூங்கலாம்னு சொல்லுங்க" என்றார் தம்பி.

இரண்டு கொட்டேஷனையும் புரட்டினேன். தொட்டியின் அளவு, பம்பின் குதிரைத்திறன், கட்டுமானச் செலவு எல்லாம் இருந்தன. அவர்களுடைய கழிவுநீரில் எவ்வளவு உப்பு இருக்கிறது என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை. இந்த ஒரு எண் தெரியாமல் வாங்கிய எந்த எந்திரமும் சரியாக ஓடி நான் பார்த்ததில்லை. இதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அவர்களுக்குச் சொன்னதை விரித்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

உப்பு. சாய நீரைப் பார்த்தவுடன் கண் நிறத்தில்தான் நிற்கும். நிறம் ஏமாற்றும். ஜீன்ஸிலிருந்து உதிரும் நீலம் தண்ணீரில் கரையாத பொருள். படிகாரம் போட்டுக் கலக்கினால் கசடோடு கீழே போய்விடும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் கரைந்தே இருக்கும். படிகாரத்துக்கு லேசில் பிடிபடாது, ஓசோன் விட்டால் உடையும். கஞ்சியையும் சோப்பையும் பாக்டீரியா தின்னும். உப்பை எதுவும் தின்னாது. படிகாரத்துக்கு அது படியாது, ஓசோனுக்கு உடையாது. ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கலாம், அவ்வளவுதான். ரியாக்டிவ் சாயத்துக்கு ஒரு லிட்டர் சாயநீரில் 40 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். துணியில் உப்பு தங்குவதில்லை. போட்டது முழுக்கக் கழிவுநீருக்கு வந்துவிடுகிறது.

துணித் தொழிலின் கழிவுநீருக்கு 2016 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அளவுகள் பட்டறைச் சுவரில் ஒட்டவேண்டியவை. லிட்டருக்கு பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன பாக்டீரியாவுக்கு வேண்டிய ஆக்சிஜன்) 30 மில்லிகிராம், சி.ஓ.டி. (அழுக்கை ரசாயனத்தால் உடைக்க வேண்டிய ஆக்சிஜன்) 250, மிதக்கும் துகள் 100, எண்ணெய்ப் பசை 10, பி.ஹெச். 6.5 முதல் 8.5 வரை. கரைந்த உப்பு, அதாவது டி.டி.எஸ்., 2,100. நம் ஊருக்கு ரொம்பவும் பொருந்தும் ஒரு விதிவிலக்கும் அதில் உண்டு. நீங்கள் எடுக்கும் தண்ணீரிலேயே டி.டி.எஸ். 1,100க்கு மேல் இருந்தால், அதற்கு மேல் உங்கள் பங்காக 1,000 வரை சேரலாம்; மொத்தம் 3,100ஐத் தாண்டக்கூடாது. கடல்நீர் நிலத்தடியில் ஏறிவிட்ட மீஞ்சூர், எண்ணூர் பக்கத்து போர் தண்ணீருக்கு இது பெரிய விஷயம். போர் தண்ணீரையும் மாதாமாதம் சோதித்து அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள். அந்தத் தாள் இல்லாமல் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது.

தண்ணீர் எங்கே போகிறது. வடசென்னைச் சாக்கடையின் பெரும்பகுதி கொடுங்கையூர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே 2019 முதல், ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள ஆர்.ஓ. நிலையம் இயங்குகிறது, அந்தத் தண்ணீர் குழாயில் மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. நீங்கள் சாக்கடையில் விடும் உப்பை அங்கே ஒருவர் மின்சாரம் செலவழித்துப் பிரிக்கிறார் என்று இதற்குப் பொருள். மழைநீர்க் கால்வாயில் விட்டாலோ, ஓட்டேரி நல்லா, கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று போய்க் கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடிப்பவர் வலையில் சேரும். கால்வாயில் விடுவதை இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகவே நான் எடுத்துக்கொள்ளவில்லை.

கசடு. படிகாரத்திலும் சுண்ணாம்பிலும் படியும் கசடு, 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளின்கீழ் வருவது. குப்பை வண்டியில் போடக்கூடாது. உலர்த்தி, மூட்டை கட்டி, ரசீதோடு கும்மிடிப்பூண்டியில் இருக்கும் பாதுகாப்பான நிரப்பிடத்துக்கு அனுப்பவேண்டும். விற்பவர் யாரும் இந்தச் செலவைக் கொட்டேஷனில் எழுதமாட்டார்.

இடம், ஆள். ஒரு கிரவுண்டில் பட்டறையும் குடோனும் போக மிச்சம் எவ்வளவு? இரவு ஷிப்டில் தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயர் நின்றால் யார் பார்ப்பார்? இடத்தைப் பற்றி இன்னொன்று: குறிப்பிட்ட நீர்நிலைகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் தொழில் தொடங்க 1989ஆம் ஆண்டின் அரசாணை 213 தடை விதிக்கிறது. புதிதாக இடம் பார்ப்பவர்கள் அட்வான்ஸ் கொடுக்குமுன் சர்வே எண்ணோடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | தனி இ.டி.பி., சாக்கடை | தனி ஜீரோ டிஸ்சார்ஜ் | கூட்டுச் சுத்திகரிப்பு | சாயத்தை வெளியே கொடுத்தல் |
|---|---|---|---|---|
| உப்பைக் குறைக்குமா | குறைக்காது | பிரித்துத் திடமாகத் தரும் | அமைப்பைப் பொறுத்தது | உங்கள் பட்டறைக்குள் வரவே வராது |
| திரும்பக் கிடைக்கும் நீர் | முதல் அலசலுக்கும் கழிப்பறைக்கும் | முக்கால் பங்குக்கு மேல், நல்ல தரத்தில் | ஆர்.ஓ. இருந்தால் உண்டு | இல்லை |
| இடம் | நடுத்தரம் | அதிகம், பாய்லரும் சேர்த்து | உங்கள் இடத்தில் சேகரிப்புத் தொட்டி மட்டும் | வேண்டாம் |
| மறைந்திருக்கும் செலவு | கசடு, இரவு ஆள் | விறகு, மெம்பரேன் (ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வு), கலப்பு உப்பு | மற்றவர் செய்யும் தவறு | போக்குவரத்து, நாள் தாமதம் |
| யாருக்கு | வெறும் வாஷிங் | தினமும் சாயம் போடுபவர் | பக்கத்துப் பக்கத்துப் பட்டறைகள் | எப்போதாவது சாயம் போடுபவர் |

## தனி இ.டி.பி. போட்டுச் சாக்கடையில் சேர்ப்பது

முதலில் கல்தூளும் நூல்பிசிறும் பிடிக்கும் தொட்டி. பிறகு வெவ்வேறு வடிப்புகள் கலந்து சீராகும், ஒருநாள் நீரையாவது கொள்ளும் சமன்தொட்டி. அடுத்துப் படிகாரமோ பாலி அலுமினியம் குளோரைடோ போட்டுத் தெளியவைத்தல். அதன்பின் காற்றோட்டத் தொட்டி, மறுபடி தெளிவு, மணல் வடி, கரி வடி. 20 கே.எல்., அதாவது நாளைக்கு 20,000 லிட்டர் வரும் வாஷிங் பட்டறைக்குக் காற்றூட்ட மட்டும் பத்துப் பதினைந்து யூனிட் மின்சாரம் போதும். நான்கில் நடத்துவதற்கு எளிது இதுதான்.

அன்னபேதியும் சுண்ணாம்பும் மலிவு என்று பலர் அதையே போடுகிறார்கள். வெளியேற்றத்துக்கு மட்டுமென்றால் குற்றமில்லை. அந்தத் தண்ணீரைத் திரும்ப வாஷிங்குக்கு எடுப்பதாக இருந்தால் வேண்டாம். மிஞ்சும் இரும்பு வெள்ளைத் துணியில் மஞ்சள் புள்ளியாக ஏறும். ஒரு லாட் திரும்பி வந்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். அப்படிப்பட்டவர்கள் அலுமினிய வகைக்கே போங்கள். எப்படியும் இந்த நீர் முதல் அலசலுக்கும், தரை கழுவவும், கழிப்பறைக்கும்தான் ஆகும். கடைசி அலசலுக்கு ஆகாது. செடிக்கு ஊற்றாதீர்கள், மண் உப்பாகிவிடும்.

பாக்டீரியா உயிருள்ளது என்பதைப் பட்டறையில் மறந்துவிடுகிறார்கள். பொங்கலுக்கு நாலுநாள் கதவைச் சாத்தும்போது ப்ளோயரையும் நிறுத்திவிட்டு வந்து, திரும்பத் திறந்ததும் தொட்டி நாறுகிறது என்று கூப்பிடுவார்கள். லீவு நாளிலும் குறைந்த காற்றாவது ஓடவேண்டும். ப்ளீச்சிங் தொட்டியை ஹைப்போவோடு (சோடியம் ஹைப்போகுளோரைட்) அப்படியே திறந்துவிட்டாலும் பாக்டீரியா சாகும். முதலில் மெட்டாபைசல்பைட் போட்டு முறித்துத்தான் அனுப்பவேண்டும்.

எழுதும்போதே கை கனக்கும் விஷயம் ஒன்று உண்டு. சல்ஃபர் கறுப்புச் சாயத்தில் சோடியம் சல்ஃபைடு இருக்கும். அந்த நீரும் அமில நீரும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு வரும். ஹைப்போவோடு அமிலம் சேர்ந்தால் குளோரின். ஒரு பட்டறையில் சமன்தொட்டிக்குள் அடைப்பெடுக்க இறங்கிய பையன் இரண்டாவது படியிலேயே சரிந்ததைப் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் மேலே இழுத்துவிட்டார்கள், பிழைத்துக்கொண்டான். முதலில் வாயு வருவதைக் காட்டிய முட்டை நாற்றம் கொஞ்ச நேரத்தில் மூக்குக்குத் தெரியாமல் போய்விட்டது, காற்று சரியாகிவிட்டது என்று நினைத்து இறங்கியிருக்கிறான். அந்த வாயு அதிகமாகும்போது முகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்யும். எந்த வழியைத் தேர்ந்தாலும் தொட்டிக்குள் ஆளை இறக்காமல் கசடை எடுக்கும் பம்பும் சரிவான அடித்தளமும் வேண்டும் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

இந்த வழி சரியாக வருவது, உப்பு போட்டுச் சாயம் ஏற்றாத, கஞ்சி எடுத்தல், கல் வாஷ், என்சைம் வாஷ் மட்டும் செய்யும் பட்டறைக்கு. மெட்ரோ வாட்டரின் அனுமதியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையும் இரண்டும் வேண்டும். ஒன்றை வைத்து மற்றதைச் சமாளிக்க முடியாது.

## தனி ஜீரோ டிஸ்சார்ஜ்

இதை ஏன் எல்லாரும் பயத்தோடு பேசுகிறார்கள் என்பதற்குத் திருப்பூர்தான் காரணம். நொய்யல் ஆற்றில் உப்பேறி ஒரத்துப்பாளையம் அணைநீர் பாசனத்துக்கு உதவாமல் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஜீரோ டிஸ்சார்ஜை எட்டாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. இன்று அந்த ஊர் இந்தத் தொழில்நுட்பத்தில் நாட்டுக்கே பாடம் எடுக்கிறது. ஆனால் அங்கே பெரும்பாலும் கூட்டாகத்தான் செய்கிறார்கள். தனி ஆளாகச் செய்வது வேறு கணக்கு.

ரூபாயில் சொன்னால் ஆறு மாதத்தில் பழசாகிவிடும், விறகில் சொல்கிறேன். 20,000 லிட்டர் கழிவுநீர், டி.டி.எஸ். 6,000 என்று வைத்துக்கொள்வோம். முன்சுத்திகரிப்பு முடிந்து ஆர்.ஓ.வில் விட்டால் 15,000 லிட்டர் நல்ல தண்ணீர். ஆர்.ஓ. ஒதுக்கித் தள்ளும் மிச்சம் 5,000 லிட்டர் ரிஜெக்டில் டி.டி.எஸ். 24,000 அளவுக்கு ஏறியிருக்கும். அந்த 5,000 லிட்டரை ஒரே கட்டத்தில் கொதிக்கவைத்து ஆவியாக்க, சாதாரண பாய்லரில் ஒரு டன்னுக்கு மேல் விறகு வேண்டும், தினமும். மூன்று கட்ட ஆவியாக்கியில் அது ஏறக்குறைய அரை டன்னாகும். உங்கள் விறகு விலையால் நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். முடிவில் கிடைப்பது நாளைக்கு 120 கிலோ கலப்பு உப்பு, மாதம் மூன்று டன். சாயக் கறையோடு இருக்கும் அந்த உப்பை யாரும் வாங்கமாட்டார்கள். கூரை போட்டு, ஈரம் படாமல் வைத்து, அதற்கும் முறையான வழி தேடவேண்டும்.

வெயிலில் காயவைக்கலாமே என்பார்கள். நாளைக்கு நாலரை மில்லிமீட்டர் ஆவியாகும் என்று எடுத்துக்கொண்டாலும் 5,000 லிட்டருக்குச் சுமார் 1,100 சதுர மீட்டர் பாத்தி வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில் ஐந்து கிரவுண்டு. ஐப்பசி, கார்த்திகையில் பாத்தி காயாது, நிரம்பும். நிரம்பி வழிந்தால் அதுவே வெளியேற்றம். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியதைப் பார்த்த மக்கள் நடுவே, "மழையில வழிஞ்சிருச்சு" என்று சொல்லும் முகம் யாருக்கும் வேண்டாம்.

மெம்பரேனுக்கும் ஒரு வார்த்தை. பாலிஅமைடு மெம்பரேனுக்கு ஹைப்போ விஷம். ப்ளீச் செய்யும் பட்டறையில் குளோரினை முழுக்க முறிக்காமல் ஆர்.ஓ.வுக்கு அனுப்பினால் மூன்று வருஷம் உழைக்கவேண்டியது சில வாரத்திலேயே கெட்டுவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் இதைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டியவர்கள் உண்டு. வாரம் ஆறு நாளும் உப்புச் சாயம் போடுபவர், லாரித் தண்ணீரை நம்பியிருப்பவர், ஏற்கெனவே பாய்லரும் இடமும் உள்ளவர். வாங்கும் தண்ணீரில் முக்கால் பங்கு மிச்சமாவது வருஷக் கணக்கில் பெரிய தொகை. கோடையில் லாரி வராத நாளில் வேலை நிற்காமலிருப்பது அதைவிடப் பெரிது.

## கூட்டாகப் போடுவது

செலவு பங்காகும், படித்த ஆபரேட்டரை வைக்கலாம், 24 மணி நேரமும் ஆய்வகம் ஓட்டலாம். திருப்பூரில் சில பொது நிலையங்கள் உப்புநீரைச் சுத்தம் செய்து திரும்பச் சாயத்தொட்டிக்கே அனுப்புகின்றன; உப்பை வாங்குவதும் குறைகிறது, ஆவியாக்குவதும் குறைகிறது. தனிப் பட்டறையில் இது நடக்காது.

கூட்டில் உடைவது எந்திரமல்ல, நம்பிக்கை. லிட்டர் கணக்கில் மட்டும் பணம் வாங்கினால், கெட்டியான உப்புநீரைக் குறைந்த லிட்டரில் அனுப்புபவருக்கு லாபம், வெறும் வாஷிங்காரருக்கு நஷ்டம். ஒவ்வொரு பட்டறை வாசலிலும் மீட்டரும் டி.டி.எஸ். கருவியும் வைத்து, உப்பின் எடைக்கும் சேர்த்து வசூலிக்கும் விதியை முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். ஒருவர் செய்த தவறுக்கு எல்லார் கதவும் மூடும் என்பதையும் எழுதுங்கள். 2011இல் பொது நிலையங்கள் மூடியதும் அவற்றில் சேர்ந்திருந்த பட்டறைகளும் நின்றன. பட்டறைகள் நடந்துபோகும் தூரத்தில் இருந்து குழாய் போட முடியுமானால் இது நல்ல வழி. டேங்கர் லாரியை நம்பிச் சேரவேண்டாம். ராத்திரி லாரி எங்கே காலியானது என்று உங்களால் பார்க்க முடியாது. பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

## சாயத்தை வெளியே கொடுப்பது

பேச்சு குறைவாக வரும் வழி. ஜீரோ டிஸ்சார்ஜ் உள்ள சாய ஆலைக்குச் சாய வேலையை மட்டும் அனுப்பிவிட்டு, வாஷிங்கை நம்மிடம் வைத்துக்கொள்வது. போக்குவரத்து ஆகும், நாள் தள்ளும், அவசர ஆர்டரில் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். மாதத்தில் சில நாள் மட்டும் சாயம் போடுபவருக்கு, அந்தச் சில நாளுக்காகக் கோடிக் கணக்கில் எந்திரம் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல். கொடுக்கும் ஆலையின் இசைவாணை நகலைக் கேட்டு வாங்குங்கள். மலிவாகச் செய்து தருகிறேன் என்பவர் எங்கே மலிவாக்குகிறார் என்று பார்க்கவேண்டும்.

## அண்ணன் தம்பி கணக்கு

அவர்களை ஒரு டி.டி.எஸ். மீட்டரும் நோட்டும் வாங்கச் சொன்னேன். இரண்டு வாரம், ஒவ்வொரு எந்திரத்தின் ஒவ்வொரு வடிப்பையும் அளந்து எழுதினார்கள். அண்ணன் மகள், கல்லூரியில் வேதியியல் படிப்பவள், வரைபடமே போட்டுவிட்டாள்.

போர் தண்ணீர் 1,600. அப்படியானால் அவர்கள் எல்லை 2,600. வாஷிங் நாளில் மொத்தக் கழிவு 18,000 லிட்டர், டி.டி.எஸ். 2,200, எல்லைக்குள். வாரத்தில் இரண்டு நாள் ஓவர்டை, அதாவது தைத்த துணிமேல் மறுபடி சாயம் ஏற்றுவது; 200 கிலோ துணிக்கு 1,600 லிட்டர் சாயநீர், 80 கிலோ உப்பு. அந்த நாளில் மொத்தக் கழிவின் டி.டி.எஸ். 6,600க்கு எகிறியது.

ஆனால் அந்த உப்பு 18,000 லிட்டரிலும் பரவியிருக்கவில்லை. துணி 600 லிட்டரைப் பிடித்துக்கொள்ள, சாயத்தொட்டி வடிப்பில் 1,000 லிட்டர் வெளியே வருகிறது; அதிலேயே 50 கிலோ. அடுத்த இரண்டு அலசல் வடிப்பில் 26 கிலோ. முதல் மூன்று வடிப்பு, மொத்தம் 3,000 லிட்டர். 80 கிலோவில் 76 கிலோ அதற்குள். அதைத் தனிக் குழாயில் பிரித்துவிட்டால் மீதி நீர் 2,500 பக்கம் இறங்கிவிடும். எந்தக் கொட்டேஷனிலும் இல்லாத இந்தத் தனிக் குழாய்தான் முடிவை மாற்றியது.

பிரித்த 3,000 லிட்டரை என்ன செய்வது என்ற கேள்வி நின்றது. வாரம் 6,000 லிட்டரை அவர்கள் பாய்லரில் ஆவியாக்கினால் ஒன்றரை டன் பக்கம் விறகு. அதனால் ஓவர்டை ஆர்டரை வெளியே கொடுத்துவிட்டு, சாதாரண இ.டி.பி.யை மட்டும் போடச் சொன்னேன். பட்டறைக்குள் உப்பு வராவிட்டால் சாக்கடைக்கும் வராது, கொடுங்கையூர் மெம்பரேனுக்கும் வராது. வாரம் ஆறு நாள் ஓவர்டை இருந்திருந்தால் ஜீரோ டிஸ்சார்ஜையோ கூட்டையோதான் சொல்லியிருப்பேன்.

தம்பிக்கு முழு மனது இல்லை. ஓவர்டையில்தான் லாபம் என்கிறார், அது உண்மையும்கூட. அதனால் தொட்டிகளைக் கட்டும்போதே சாயத்தொட்டி வடிப்புக்குத் தனிக் குழாய் ஒன்றைப் பதித்து மூடி போட்டு வைக்கிறார்கள். பக்கத்துத் தெருவில் இன்னும் மூன்று பட்டறைகள் இருக்கின்றன. அவர்களும் மீட்டர் வாங்கி அளக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நாலு நோட்டும் ஒரு மேசைக்கு வந்த பிறகு அந்த மூடியைத் திறப்பதா என்று பேசலாம் என்றேன். சமன்தொட்டியின் விளிம்பைப் போன வெள்ளம் சுவரில் விட்ட கோட்டுக்கு ஒரு முழம் மேலே எடுக்கும் வேலை இந்த வாரம் நடக்கிறது, ஐப்பசிக்கு முன்னால் முடித்தாகவேண்டும்.